முதலில் பஸ் பாதை

லண்டனிலுள்ள ராத்தாவைப் பார்க்கப் போகும்போது, லேக் டிஸ்ட்ரிக்ட் கிராமப்புறத்தில் நான்கு நாட்கள் தங்குவதென்று வீட்டில் முடிவாயிற்று. வாப்பா மலையடிவாரத்துக் கல்வீடொன்றின் படத்தைக் காட்டினார். வாடகையும் மலிவு. எனக்குச் சம்மதமில்லை. எங்களில் எவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. உம்மும்மாவுக்கு முழங்கால் வலி. கண்டியிலிருந்து வரைபடத்தில் பார்த்தால் கடை ஒரு விரல் தூரம்தான். ஏற்றம் அதில் தெரியாது. நாங்கள் ஏரி பார்க்கப் போக, அவர் சன்னலோரம் தனியே இருப்பதா?

ரயில் வின்டர்மியருடன் நின்றுவிடும். அங்கிருந்து கிராஸ்மியர் வழியாகக் கெசிக்குக்கு 555ஆம் இலக்க பஸ் ஓடுகிறது. அந்த வீதியோரம் சிறிய அறை கிடைத்தாலும் போதும் என்பேன். கிராஸ்மியரில் வாழ்ந்த வேர்ட்ஸ்வர்த் நடந்தே திரிந்தவர். உம்மும்மாவால் அது முடியுமா? ஜூனில் அங்கே மஃரிப் இரவு ஒன்பதரைக்குப் பிறகுதான், ஆறுதலாகச் சுற்றலாம்.

வாப்பா இன்னும் கல்வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். உம்மும்மாதான் கேட்டார்: "அந்த பஸ்ஸுல படி உயரமா மகள்?"