வெறும் வயிறு என்றால் மாத்திரையும் வேண்டாமா?

பள்ளிக்கரணையில், வேளச்சேரி – தாம்பரம் சாலையை ஒட்டி மருந்துக்கடை நடத்துகிறேன். ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்காங்க. மாத்திரை எதுவும் போடக் கூடாதுதானே, மேடம்?"

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வதுண்டு. சர்க்கரை மாத்திரையை அன்று காலை விடச் சொல்வார்கள். இந்த இரண்டையும் கேட்டுவந்த குடும்பம் டப்பாவையே மூடி வைத்துவிடுகிறது. துடிப்பைக் குறைக்கும் மெட்டோபிரோலாலும் அட்டெனோலாலும் அதோடு நின்றுபோகின்றன. எங்கள் வாடிக்கையாளர்களுக்கு எல்லாமே 'பிரஷர் மாத்திரை'தான்.

ஆனால் துடிப்பைக் குறைக்கும் இந்த மாத்திரைகள் சட்டென நிறுத்தக் கூடாதவை. அட்ரினலின் இதயத்தை முடுக்கும் வாசல்களை இவை மறித்து நிற்கின்றன. மாதக்கணக்கில் மறித்தால் உடம்பு வாசல்களைக் கூட்டிக்கொள்ளும். ஒரே நாளில் காவலை எடுத்தால் துடிப்பு எகிறும். இதயக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு அது மாரடைப்பு வரை போகலாம். நிறுத்தியே ஆகவேண்டும் என்றால் டாக்டர் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார். அமெரிக்காவில் இந்த எச்சரிக்கையை மருந்துத் தகவல் தாளிலேயே அச்சிடுகிறார்கள். இங்கே பாதி அட்டை கேட்பவருக்குக் கத்தரித்துக் கொடுத்தால் மருந்தின் பெயரே பாதிதான் மிஞ்சுகிறது.

கையிருப்பு தீர்ந்தாலும் மாத்திரை இப்படித்தான் நின்றுபோகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடிந்து கடையைத் திறந்தபோது, மாத்திரை தீர்ந்து போனவர்கள்தான் முதலில் வந்தார்கள். ஒரு வாரத்துக்கு எப்போதும் கையிருப்பு வையுங்கள் என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறேன்.

பாதுகாப்புக்கு என்று இந்த மாத்திரையை ஆபரேஷன் அன்று புதிதாகத் தொடங்குவதும் ஆபத்துதான். 2008இல் லான்செட் இதழில் வந்த 'பாய்ஸ்' ஆய்வில், இதயம் அல்லாத அறுவைக்குப் போன 8,351 பேர் இருந்தார்கள். ஒரு பாதிக்குச் சில மணி நேரம் முன் மெட்டோபிரோலால் தொடங்கப்பட்டது. மாரடைப்பு 5.7 சதவீதத்திலிருந்து 4.2 ஆகக் குறைந்தது. பக்கவாதமோ 0.5இலிருந்து 1 ஆகவும், இறப்பு 2.3இலிருந்து 3.1 ஆகவும் கூடின. முன்கூட்டியே கொடுக்கலாம் என்ற கட்சிக்கு வலுச் சேர்த்த நெதர்லாந்து ஆய்வாளர் போல்டர்மான்ஸை, ஆய்வு முறைகேட்டுக்காக 2011இல் அவருடைய மருத்துவ மையமே வேலையிலிருந்து நீக்கியது.

ஆக, போட்டுக்கொண்டிருப்பவர் தானாக நிறுத்தக் கூடாது. போடாதவருக்கு அவசரமாகத் தொடங்கவும் கூடாது. இதை மருந்துக்கடைக்காரி வாயால் சொல்லிக்கொண்டிருப்பது போதாது. ஆபரேஷனுக்கு முன் தரும் சீட்டில் ஒவ்வொரு மாத்திரைக்கும் எதிரே 'போடவும்', 'நிறுத்தவும்' என்று தமிழில் எழுதித் தர வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 முதல் வீட்டுக்கே மாத்திரை அனுப்பும் அரசுக்கு இந்தச் சீட்டு பெரிய செலவல்ல.

அதுவரை, மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். தலைசுற்றல் இருந்தாலும், துடிப்பு 50க்குக் கீழே போனாலும் மறைக்காமல் சொல்லுங்கள். அன்று காலை எந்த மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் போடலாம் என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.