வதந்திக்கு ஒரு நாள், உண்மைக்கு ஆறு மாதமா?

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, மக்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி அதிகாலை இறந்தார். இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு என்று மருத்துவர்கள் உடனே விளக்கினார்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் பரவியது ‘ஊசிதான் கொன்றது’ என்ற பேச்சுதான்.

இரண்டாம் அலை உயிர்களைப் பறித்த அந்த மாதங்களில், எங்கள் பகுதிக்கு வந்த சுகாதாரச் செவிலியரைக் கண்டு கதவைச் சாத்தினார்கள். ‘ஆளைக் கொல்ல எவ்வளவு வாங்கினாய்?’ என்று முகநூலில் ஏசினார்கள். கொதித்துப் போனேன். வெயிலில் தெருத்தெருவாக நடந்த பெண்ணுக்கு இதுவா கூலி?

தடுப்பூசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய நிபுணர் குழு அறிவித்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. சந்தேகப்பட்ட சாமானியர்களை நான் குறை சொல்ல மாட்டேன்; பதில் வராத இடத்தில் வதந்தி குடியேறத்தான் செய்யும். இனி இத்தகைய மரணம் நேர்ந்தால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சுகாதாரத் துறை வாரந்தோறும் எளிய தமிழில் வெளியிட வேண்டும். செவிலியர்களை இணையத்தில் மிரட்டுவோர் மீது, புகாருக்குக் காத்திராமல் காவல்துறை நடவடிக்கை எடுக்க வேண்டும்.

– ஒரு வாசகர், திண்டுக்கல்