பொன்விழாவும் பதிவாகாத குரல்களும்

1997 ஆகஸ்டு 14 நள்ளிரவு. நாடாளுமன்ற மைய மண்டபத்தில் நடந்த சிறப்புக் கூட்டத்தைத் தூர்தர்ஷன் ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. பீம்சேன் ஜோஷி பாடினார். லதா மங்கேஷ்கர் பாடினார். காந்தி, நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரின் பழைய ஒலிப்பதிவுகளும் ஒலித்தன. கண்விழித்துப் பார்த்துக்கொண்டிருந்த என்னை உலுக்கியவை பாடல்களல்ல, அந்தக் குரல்களே. ஐம்பது ஆண்டுகளின் இரைச்சலைத் தாண்டி, மூச்சுவிடும் இடைவெளி உட்பட, அவை வந்து சேர்ந்தன.

காந்தி வானொலி நிலையத்திற்குள் காலடி வைத்தது ஒரே ஒருமுறை. 1947 நவம்பர் 12, தீபாவளி நாள். குருக்ஷேத்திர முகாமிலிருந்த அகதிகளை நேரில் காண இயலாமற்போகவே, தில்லி நிலையத்திலிருந்து அவர்களிடம் பேசினார். அந்த ஒருநாளை நினைவுகூர்ந்தே நவம்பர் 12 இன்று பொதுச்சேவை ஒலிபரப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. கொண்டாடட்டும். ஆனால் முகாமில் அமர்ந்து அந்தப் பேச்சைக் கேட்டவர்களின் குரல் எங்கே? பேசியவரை நாம் அறிவோம், கேட்டவர்களை அறியோம்.

பொன்விழா ஆண்டில் நம் பொது ஊடகங்களின் மீது எனக்குள்ள மனக்குறை இதுதான். 1947இல் இருபது வயதாயிருந்தவருக்கு 1997இல் எழுபது. நினைவு தெளிவாக, நாக்கு தடுமாறாமல், திண்ணையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசக்கூடிய வயது. அந்தத் தலைமுறையை முழுமையாகப் பதிவுசெய்யக் கிடைத்த கடைசி வாய்ப்பு அது. என் நினைவில் தங்கியவையோ அணிவகுப்பு, குழுப்பாடல், தலைவர்களின் உரை, மீண்டும் குழுப்பாடல். பிரசார் பாரதி தன்னாட்சி அமைப்பாகச் செயற்படத் தொடங்கியதும் அதே 1997 நவம்பரில்தான் என்பதை நினைத்தால் சற்றே சிரிப்பு வருகிறது.

இயலாத காரியத்தைக் கேட்கிறேனா? 1999இல் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பி.பி.சி.யின் 40 உள்ளூர் வானொலி நிலையங்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மனிதர்களிடம் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டுப் பதிவுசெய்தன. அவற்றிலிருந்து அரைமணி நேர நிகழ்ச்சிகள் 640 உருவாயின. முழுப் பதிவுகளும் பிரிட்டிஷ் நூலகத்திற்குப் போய்ச் சேர்ந்தன. நம்மிடம் நிலையங்களுக்கும் பஞ்சமில்லை, மொழியறிந்த ஊழியர்களுக்கும் பஞ்சமில்லை. பிரிவினையின் சாட்சிகளைத் தேடித் தேடிப் பதிவுசெய்யும் பணியை 2010க்குப் பிறகு பெரிய அளவில் மேற்கொண்டதோ தன்னார்வலர்கள்.

2022இல் எழுபத்தைந்தாம் ஆண்டுவிழா வந்தது. தூர்தர்ஷன் 'ஸ்வராஜ்' என்ற பெயரில் 75 பகுதிகள் கொண்ட இந்தித் தொடரைத் தயாரித்துத் தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் மொழிமாற்றம் செய்தது. வாஸ்கோ ட காமாவின் வருகையில் தொடங்கும் கதை. அதன் நோக்கத்தில் எனக்குப் பிணக்கில்லை. ஆனால் வாளும் வசனமுமாக வரலாற்றை நடித்துக் காட்ட எத்தனையோ தனியார் அலைவரிசைகள் உண்டு. விடுதலையின்போது இந்தியாவிலிருந்த ஆறு வானொலி நிலையங்களுள் சென்னை, திருச்சி என இரண்டு தமிழ்நாட்டில் இருந்தன. அந்த நள்ளிரவில் சென்னை நிலையத்தில் பாரதி பாடல்களைப் பாடியவர் டி.கே. பட்டம்மாள். அதை எந்தெந்த ஊரில், எந்தப் பெட்டியைச் சுற்றி நின்று, யார் கேட்டார்கள் என்று சொல்லவல்ல தொடரைத் தில்லியில் தயாரித்து இங்கே மொழிமாற்ற முடியாது. அதைத் திருச்சிக்காரர்தான் செய்ய வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். கள்ளுக்கடை மறியலில் சிறைசென்றவர். சிறைச் சோற்றில் கல் பொறுக்கிய கதையைச் சொல்லும்போது விரல்களும் கூடவே பொறுக்கும். பொன்விழா ஆண்டில் பள்ளிக்கூடமொன்றில் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். ஒலிவாங்கி தலைமையாசிரியர் கையிலேயே இருந்தது. இரண்டாண்டுகளில் அவர் காலமானார். ஒலிநாடா வாங்கக் காசிருந்தும் நானும் பதிவுசெய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

1947இல் பத்து வயதாயிருந்தவர்கள் இன்று தொண்ணூறை நெருங்குகிறார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் புயலை இளைஞர்களாகக் கண்டவர்களும், 1965இல் மொழிப்போராட்டத்தில் தெருவுக்கு வந்த மாணவர்களும் எண்பதைத் தொட்டுவிட்டார்கள், கடந்தும்விட்டார்கள். இவர்களைத் தேடிப்போக அடுத்த விழா அறிவிப்புவரை எந்த நிலையமும் காத்திருக்கத் தேவையில்லை. இராமேசுவரத்துக்குப் பேருந்து இருக்கிறது.