கிளட்ச்சைக் கழற்றுவதற்கு முன்

மேட்டுப்பாளையத்தைத் தாண்டிக் கல்லாற்றை அடைந்ததும் நீலகிரி எழத் தொடங்குகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்திலுள்ள சமவெளியை விட்டு, 1,700 மீட்டருக்கும் மேலே இருக்கிற குன்னூரை நோக்கி 14 கொண்டை ஊசி வளைவுகளாக ஏறிச் செல்லும் அந்தச் சாலை, கோவைத் தெருக்களில் மாதக்கணக்காக மறைந்து கிடந்த கிளட்ச் தேய்மானத்தை ஒரே பிரயாணத்தில் வெளிப்படுத்திவிடும். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் விட்டவர்கள், ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தில் வெறும் சக்கரத்தின் உராய்வை நம்பாமல், தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்தார்கள். காருக்கு அந்தத் துணை இல்லை. எஞ்சினின் சக்தி அனைத்தும், ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையே அழுந்தி நிற்கும் ஒரு தட்டின் உராய்வையே ஆதாரமாகக் கொண்டு சக்கரத்தை அடைய வேண்டியிருக்கிறது.

விடுமுறை நாட்களில் இம்மலை ஏறும் ஸ்போர்ட்ஸ் கார்களில் இது அதிக கவனத்துக்குரிய விஷயம். கிளட்ச் நழுவுவது முதல் கியரில் வண்டியை எடுக்கும்போதே தெரியும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை வேறு. தாழ்ந்த கியரில் எஞ்சினின் முறுக்குவிசையில் ஒரு பகுதி தன்னையே வேகப்படுத்திக்கொள்வதில் செலவாகிவிட, உயர்ந்த கியரில் ஏறக்குறைய முழுவதும் கிளட்ச்சின் மேல் விழுவதால், தேய்ந்த தட்டு முதலில் கைவிடுவது நான்காம், ஐந்தாம் கியர்களில்தான்.

"இழுவை இல்லை" என்று உரிமையாளர் சொன்ன மாத்திரத்தில், "பிளேட் போயிருச்சுங்க, மாத்திரலாமுங்க" என்று பதிலளித்துக் கியர்பாக்ஸை இறக்கிவிடும் வழக்கத்தை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன். நெரிசலற்ற, சற்றே ஏறும் சாலையில் நான்காம் கியரில் நிதானமாகச் சென்று, ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்துப் பார்த்தால் போதும்: சுழற்சிமானியின் முள் துள்ளி ஏற, வேகமானியின் முள் மட்டும் அதனோடு சேர்ந்து ஏறாமல் தயங்குமானால், கிளட்ச் நழுவுகிறது என்பது நிச்சயம். இரண்டும் சேர்ந்தே மெதுவாக ஏறினால் குற்றம் எஞ்சினில் இருக்கலாம். டர்போவையோ எரிபொருளையோ ஆராய வேண்டுமேயன்றிக் கிளட்ச்சை அல்ல. இந்தப் பரீட்சையை ஓரிரு முறைக்கு மேல் செய்யலாகாது, ஏனெனில் ஒவ்வொரு நழுவலும் தட்டை எரிக்கிறது. கியர் விழும்போது கறகறவென்று சப்தம் வருவதோ நேர்மாறான கோளாறு. அங்கே கிளட்ச் பிடிக்காமலில்லை, விடாமலிருக்கிறது.

நழுவல் உறுதியான பின்னும் தட்டையே குற்றவாளியாக்குவது அவசரம். கேபிள் உள்ள வண்டியில் பெடலுக்குரிய இடைவெளி அற்றுப்போனாலும், ஹைட்ராலிக் அமைப்பில் திரவம் திரும்பிவராமல் அழுத்தம் தேங்கினாலும், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து தட்டு நனைந்தாலும் அதே லட்சணங்கள் தோன்றும். எஞ்சினின் மென்பொருளை மாற்றி முறுக்குவிசையைக் கூட்டிய கார்களிலோ, கம்பெனி கிளட்ச் புதிதாகவே இருந்தும் நழுவக்கூடும். அங்கே வலுவான பிரஷர் பிளேட் தேவையேயன்றி அதே பாகத்தை மீண்டும் வாங்குவது வீண்.

ஓட்டுபவரின் பொறுப்பும் சிறிதன்று. பர்லியாறு வளைவுகளில் முன்வண்டி நின்றதும், பிரேக்கை மிதிக்காமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்கி நிற்பவர்களின் பின்னே எழும் கருகல் நாற்றம் இச்சாலையில் போகிறவர்களுக்குப் பழக்கமானது. ஹேண்ட் பிரேக் அதற்காகவே இருக்கிறது. காரின் பூரண சக்தியை அனுபவிக்க விரும்புவோருக்கு, பந்தயக் கார் தயாரிப்பில் முன்னோடியான கரிவரதனின் பெயரைத் தாங்கி, 2003 முதல் கோவை அருகே செட்டிபாளையத்தில் பந்தயத்தளம் ஒன்று இருக்கிறது. மலைப்பாதை அதற்குரிய இடமன்று.

கியர்பாக்ஸை இறக்கியே தீரவேண்டுமென்றால், தட்டோடு பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றி, ஃப்ளைவீலில் வெப்பத்தால் நீலம் பாய்ந்திருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, ஆயில் சீலையும் சோதித்துவிட வேண்டும், ஏனெனில் பெருஞ்செலவு பாகங்களுக்கு மட்டுமன்று, இறக்கி ஏற்றும் கூலிக்கும்தான். கழற்றிய பழைய தட்டை உரிமையாளர் கையில் கொடுத்து, அதன் ரிவெட் வரை தேய்ந்திருக்கிறதா, எண்ணெய் படிந்திருக்கிறதா என்று காட்டிய பிறகே பட்டறைக்காரர் பில் எழுத வேண்டும்.