பால் காய்ச்சுகிற நாளுக்காக வீடு கட்டாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். வீடு கட்டுகிறவர்கள், பழைய வீட்டை மாற்றிக் கட்டுகிறவர்கள், அதற்குப் பணம் அனுப்புகிறவர்கள் எல்லாரும் கடைசிவரை படிக்கவேண்டும். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

என் மதினிக்கு 72 வயது. டவுணில் ரதவீதிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. போன வருஷம் அதைப் புதுப்பித்தார்கள். தார்சாவும் பட்டாசாலையும் சேர்ந்து ஒரே ஹால் ஆனது. தரையெல்லாம் முகம் தெரிகிற டைல்ஸ், மேலே ஃபால்ஸ் சீலிங், மாடியில் இரண்டு பெட்ரூம். பால் காய்ச்சிய அன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நானும் கைதட்டுகிற படம் போட்டேன்.

பத்து மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் மதினி குளியலறையில் வழுக்கி விழுந்தார். கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. அவர் அதை அடைத்துக்கொண்டு கிடந்ததால் வெளியிலிருந்து தள்ள முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் வந்து பிவிசி கதவை அறுத்துத்தான் தூக்கினான். இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷன். இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். அந்த வாக்கர் குளியலறை வாசலுக்குள் போகவில்லை. நானே டேப் வைத்து அளந்தேன், வாசல் சரியாக இரண்டடி.

அந்த வீட்டு ப்ளானை அண்ணன் மகன் என்னிடம் முதலிலேயே காட்டினான். "அத்தை, எப்படி இருக்கு?" என்றான். "நல்லா இருக்குப்பா" என்றேன். 35 வருஷம் பிள்ளைகள் நோட்டில் சிவப்பு மையால் சுழித்தவள், அன்று ஒரு கோடுகூடப் போடவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

நான் இன்ஜினீயர் இல்லை. ஆசிரியர் பயிற்சி மட்டும் முடித்தவள். ஆனால் கூட்டல் பெருக்கல் தெரியும். அந்த மாடி பெட்ரூம்கள் எத்தனை நாளைக்கு? ஆனித் தேருக்கு இரண்டு நாள், தீபாவளிக்கு மூன்று நாள், பொங்கலுக்கு ஒரு மூன்று நாள், கல்யாணம் காட்சி என்று இன்னும் நாலு நாள் சேர்த்தாலும் 12 நாள். கீழே உள்ள குளியலறைக்கு மதினி ஒரு நாளைக்கு 5 தடவை போனால் வருஷத்துக்கு 1,825 தடவை. 12 நாள் புழங்குகிற இடத்துக்கு லட்சக்கணக்கில் செலவு. 1,825 தடவை புழங்குகிற இடத்தை மாடிப்படிக்கு அடியில் மிச்சம் கிடந்த மூலையில் செருகியிருக்கிறோம். என் வகுப்பில் ஒரு பையன் இப்படிக் கணக்குப் போட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு வேண்டியது பெரிய விஷயமே இல்லை. கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறை. அதை ஒட்டி, படி இல்லாமல் நடந்து போகிற மாதிரி ஒரு குளியலறை. மூன்றடி வாசல், வெளிப்பக்கம் திறக்கிற கதவு. சொரசொரப்பான டைல்ஸ். சுவரில் இரண்டு ஸ்டீல் கைப்பிடி. ராத்திரியில் எரிய ஒரு சின்ன விளக்கு. ஃபால்ஸ் சீலிங்குக்குக் கொடுத்த பணத்தில் இவ்வளவையும் செய்துவிட்டு மிச்சமும் பிடித்திருக்கலாம்.

அடுத்தது முற்றம். டவுண் வீடுகளைப் பாருங்கள். அகலம் 12 அடி, 15 அடி. நீளம் 100 அடிக்கும் மேலே. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியே கிடையாது. வெளிச்சமும் காற்றும் தெருவாசலிலிருந்து வரவேண்டும், புறவாசலிலிருந்து வரவேண்டும், இல்லையென்றால் வானத்திலிருந்து வரவேண்டும். இப்படிப்பட்ட வீட்டுக்கு முற்றம்தான் நடு ஜன்னல். சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாக வெளியே போகும், அந்த இடத்துக்குத் தெருவிலிருந்தும் புறவாசலிலிருந்தும் புதுக்காற்று வரும். ஏழாம் வகுப்பு அறிவியல் பாடம்தான். அதை அடைத்து மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டால் என்ன ஆகும்? வெயில் உள்ளே இறங்கும், சூடு வெளியே போகாது. சித்திரை வெயிலில் அந்த ஹாலில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் ஏசி வாங்குவீர்கள். அப்புறம் கரண்ட் பில்லைப் பார்த்து ஏசியை நிறுத்தி வைப்பீர்கள்.

திருட்டுப் பயம், குரங்குத் தொந்தரவு, சாரல் எல்லாம் உண்மைதான். அதற்குக் கனமான கம்பி வலை போடலாம். மழைக்குக் கூரை வேண்டுமென்றால் சுற்றுச்சுவருக்கு மேலே இரண்டடி இடைவெளி விட்டு, விளிம்பை வெளியே நீட்டிப் போடலாம். அடைத்தே தீரவேண்டும் என்று ஒரு அவசியமும் இல்லை.

வாஸ்துக்காக வீட்டையே திருப்புகிறவர்களுக்கு ஒன்று. கீழரதவீதியில் ஒரு சாரி வீடுகள் கிழக்கே பார்த்திருக்கும், எதிர்ச்சாரி மேற்கே பார்த்திருக்கும். தெற்கு ரதவீதியில் ஒரு சாரி முழுக்கத் தெற்கே பார்த்த வாசல்தான். எல்லாச் சாரியிலும் டாக்டரானவர்கள் உண்டு, கடன்பட்டவர்கள் உண்டு, நூறு வயதுப் பக்கம் வாழ்ந்தவர்கள் உண்டு. வீடு தெரு பார்த்தபடிதான் இருந்தது. சாஸ்திரம் சொல்கிறது என்று கிழவியின் கக்கூஸைப் படுக்கையிலிருந்து 60 அடி தள்ளி வைக்கிறவர், ராத்திரி இரண்டு மணிக்கு வந்து கையைப் பிடித்து அழைத்துப் போவாரா?

தண்ணீருக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, 18 அதற்குள் மறந்துவிட்டதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பகுதியே மிதந்தது. அதற்கு முன்னால் 1992 வெள்ளத்தைப் பார்த்தவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அதற்கு அப்புறமும் கீழ்த்தளத்தில் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் பிளக் பாயின்ட் வைக்கிறீர்கள். நாலடி உயரத்தில் வைத்தால் என்ன குறைந்துவிடும்? ரோடு போடப் போடத் தெரு உயர்கிறது, மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்கு இப்போது இறங்கிப் போகிறோம். எத்தனை பேர் தளமட்டம் பார்த்து வீட்டை மாற்றுகிறீர்கள்?

மழைநீர் சேகரிப்பு நம் மாநிலத்தில் 2003லிருந்து கட்டாயம். பல வீட்டில் அது சுவரோடு ஒட்டின ஒரு குழாய், அவ்வளவுதான். கணக்குப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடித் தட்டட்டி என்பது 93 சதுர மீட்டர். 10 செ.மீ. மழைக்கு 9,300 லிட்டர், 500 லிட்டர் தொட்டியில் 18 தொட்டிக்கு மேலே. அவ்வளவையும் சாக்கடையில் விட்டுவிட்டுச் சித்திரையில் லாரிக்குப் போன் பண்ணுகிறோம்.

இதைப் படித்துவிட்டு, "டீச்சர் பழைய வீட்டையே கும்பிடச் சொல்லுதாங்க" என்று நினைக்காதீர்கள். பழைய வீட்டில் நான் வாழ்ந்தவள். கக்கூஸ் புறவாசல் கடைசியில் இருக்கும். பெண்பிள்ளைகள் இருட்டில் அரிக்கேன் விளக்கோடு துணைக்கு ஆள் தேடுவோம். அடுக்களையில் ஜன்னல் கிடையாது, அம்மாவுக்குக் கண் எரிச்சல் தீர்ந்ததே இல்லை. மாடி ஏணிப்படியில் ஏறி இறங்க ஒரு தைரியம் வேண்டும். திண்ணையையும் முற்றத்தையும் போட்டோ எடுத்து ஏக்கமாகக் கவிதை எழுதுகிறவர்கள் அந்த அடுக்களையில் ஒரு வாரம் சமைத்துப் பார்க்கட்டும். இடிக்கவேண்டியதை இடியுங்கள். எது பிரயோசனம், எது தொந்தரவு என்று பிரித்துப் பார்த்து இடியுங்கள்.

"பணம் அவன் அனுப்புறான், அவன் இஷ்டம்" என்பார்கள். பணம் அனுப்புகிறவன் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறான். அந்தத் தரையில் தினமும் கால் வைக்கிறவளுக்கு ஒரு ஓட்டுகூட இல்லையா? "நாளைக்கு விற்றால் விலை போகணுமே" என்பார்கள். விற்கிற நாள் வரைக்கும் அதில் மனுஷர் குடியிருக்கிறார்களே. மதினியிடம் ஆஸ்பத்திரியில் கேட்டேன், "நீங்களாவது அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மதினி." "பிள்ளை ஆசைப்பட்டுச் செய்யுதான், நான் என்னத்தச் சொல்ல?" என்றார். நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்காமல் சொல்லமாட்டார்கள். அதனால் கேளுங்கள்.

என்னிடம் படித்த பிள்ளைகளில் இன்ஜினீயர், கான்ட்ராக்டர், கொத்தனார் என்று பலர் இருக்கிறீர்கள். பேப்பரில் கோடு போடுவதற்கு முன்னால் அந்த வீட்டு அம்மாவோடு ஒரு முழுநாள் இருங்கள். எங்கே உட்கார்ந்து காய் நறுக்குகிறார், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார், எந்தப் படியில் சுவரைப் பிடிக்கிறார் என்று பாருங்கள். உங்கள் ப்ளான் அங்கேயே கிடைத்துவிடும்.

கடைசியாக ஒன்று. என் மகனும் இதைப் படிப்பான். வருகிற தை மாதம் நம் வீட்டு வேலையை ஆரம்பிக்கவேண்டும் என்று ப்ளான் அனுப்பியிருக்கிறான். முற்றத்தை மூடி, எனக்கு மாடியில் பால்கனியோடு ரூம். பாசமாகத்தான் போட்டிருக்கிறான், தெரியும். "சரிப்பா" என்றும் சொல்லிவிட்டேன். போனில் மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை.

ஐயா, அந்த "சரிப்பா"வைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ப்ளானைப் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். சிவப்பு மையால் சுழித்தும் இருக்கிறேன், மொத்தம் ஒன்பது இடம். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வா, ஒவ்வொன்றாகப் பேசுவோம்.

அன்புடன்,
டீச்சர்
திருநெல்வேலி டவுண்