லைசென்ஸ் படிவத்தில் குறட்டைக்கும் ஒரு கேள்வி

மாண்புமிகு தமிழகப் போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கனரக வாகன லைசென்ஸைப் புதுப்பிக்க வரும்போது எங்களிடம் டாக்டர் சான்றிதழ் கேட்கிறீர்கள். படிவம் 1ஏ. கண் பார்வை சரியா, நிறம் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா என்று அதில் இருக்கிறது. நாங்களே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியில் வலிப்பு, திடீர் மயக்கம் உண்டா என்றும் கேள்வி. எல்லாம் வேண்டியவைதான். ராத்திரி ஒழுங்காகத் தூங்குகிறாயா, பகலில் ஸ்டியரிங்கில் கண் சொக்குகிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நானும் வருடக்கணக்கில் அந்தச் சான்றிதழைக் கொடுத்து வந்தவன். அதில் பொய் எதுவும் இல்லை. கண்ணும் காதும் எனக்கு நன்றாகவே இருந்தன. தூக்கம்தான் கெட்டிருந்தது.

எனக்கு இருப்பது ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு போகும் வழியை அடைத்துக்கொள்ளும். பத்து நொடி, இருபது நொடி, சில சமயம் அதற்கு மேலும் மூச்சு நின்றுபோகும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை உலுக்கி எழுப்பும். பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். தூங்குகிறவனுக்கு எதுவுமே தெரியாது. மணிக்கு ஐந்து தடவைக்கு மேல் இப்படி நடந்தால் நோய், முப்பதைத் தாண்டினால் கடுமை என்பது டாக்டர்கள் கணக்கு. நான் முப்பதைத் தாண்டிய கட்சி. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் உடம்பு ராத்திரி முழுக்க விழித்திருந்த உடம்பாகவே இருக்கும். “நடுராத்திரியில உங்களுக்கு மூச்சே வரலைங்க” என்று வீட்டுக்காரம்மா சொல்லிச் சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

லாரி ஓட்டுகிறவன் தூங்கி வழிந்தால் ஊர் உலகம் இரண்டே காரணம்தான் சொல்லும்: குடித்திருப்பான், இல்லையென்றால் ஓனர் விரட்டியிருப்பார். இரண்டாவது பெரும்பாலும் உண்மை. 1961ஆம் வருடத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளுக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று சொல்லி வந்தது. எந்த நெடுஞ்சாலையில் அது நடக்கிறது என்று காட்டுங்கள், நானும் போய்ப் பார்க்கிறேன். நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்றிருந்த மத்திய விதியையும் 2018இல் தளர்த்திவிட்டார்கள். ஆனால் ஓய்வு கொடுத்தாலும் தீராத தூக்கம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் ஐந்து நொடி கண் அயர்ந்தால் வண்டி 110 மீட்டர் தாண்டிவிடும். கண் திறந்தபடியே மூளை தூங்குவதும் உண்டு. அப்படி மோதிய வண்டிக்குப் பின்னால் ரோட்டில் பிரேக் பிடித்த தடம் இருக்காது. எஃப்.ஐ.ஆரில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். மத்திய அரசு வருடாவருடம் வெளியிடும் சாலை விபத்து அறிக்கையில் அதிவேகம், குடி, எதிர்த்திசை, சிக்னல் மீறல், செல்போன் என்று விதிமீறல் வாரியாகக் கணக்கு உண்டு, மிச்சமெல்லாம் ‘இதர’. தூக்கத்துக்குத் தனிக் கட்டம் கிடையாது. கணக்கில் வராததற்கு நிதி எப்படி ஒதுக்குவீர்கள்?

சில மாவட்டங்களில் போலீஸ்காரர்கள் நள்ளிரவில் வண்டியை நிறுத்தி, முகம் கழுவச் சொல்லி, டீ கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல மனசு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் மாதிரி ஆளுக்கு அந்த டீ அடுத்த டோல்கேட் வரைக்கும்கூடத் தாங்காது.

தாங்கியது ஒரு மெஷின். சிபாப் என்பார்கள். மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டால் இடைவிடாமல் காற்றைச் செலுத்தி, தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் 1981இல் இதை உலகத்துக்குச் சொன்னார். ஆரம்பத்தில் வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துத்தான் செய்து பார்த்தாராம். அதை லாரி கேபினில் ஓட்டுவது தனி வித்தை. வண்டி பேட்டரி 24 வோல்ட், ஆனால் இன்ஜின் ஓடும்போது 28 வரை ஏறும் என்பதால் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் போட்டிருக்கிறேன். காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியைச் சேர்த்தால் விடிவதற்குள் பேட்டரி இறங்கி வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதனால் அதைக் கழற்றி வைத்துவிடுவேன், மூக்கு கொஞ்சம் வறளும். நெடுஞ்சாலைப் புழுதியில் ஃபில்டர் சீக்கிரம் கறுத்துப்போகும். தாடி வளர்ந்தால் மாஸ்க் ஓரத்தில் காற்று கசியும், ஆகவே எந்த ஊரில் இருந்தாலும் தினமும் ஷேவிங். கிளீனர் பையன் முதல் ராத்திரி என்னைப் பார்த்துப் பயந்து கீழே இறங்கிப் போய்ப் படுத்துக்கொண்டான். இப்போது நான் மறந்தாலும் அவன் மாட்டிவிடுகிறான்.

மெஷின் வந்த பிறகும் சில கட்டுப்பாடுகள் எனக்கு உண்டு. ராத்திரி இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை வண்டி நிற்கும். நல்ல உடம்புக்காரனுக்கே கண் செருகும் நேரம் அது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு காபி, உடனே இருபது நிமிடம் தூக்கம். காபி வேலை செய்ய ஆரம்பிக்கும்போது எழுந்துவிடலாம். மாஸ்க் இல்லாமல் படுத்த இரவுக்கு மறுநாள் ஸ்டியரிங் தொடுவதில்லை. இதற்கெல்லாம் சம்மதிக்கிற ஓனர் எனக்கு வாய்த்தார். எல்லாருக்கும் வாய்க்காது.

இப்படி ஓட்டினால் பயமில்லையா என்று தாங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் பெரிய லாரிக் கம்பெனி ஒன்றின் டிரைவர்களைத் தொடர்ந்து கவனித்து 2016இல் ஒரு ஆய்வு வந்தது. நோய் தெரிந்தும் சிகிச்சை எடுக்காதவர்களுக்குத் தவிர்த்திருக்கக்கூடிய பெரிய விபத்துகள் ஐந்து மடங்கு. மெஷினை ஒழுங்காகப் போட்டுத் தூங்கியவர்களோ நோய் இல்லாதவர்களைப் போலவேதான் ஓட்டினார்கள். என் பேச்சை நம்பவும் வேண்டாம்: எந்த இரவில் எத்தனை மணி நேரம் போட்டேன் என்று மெஷினுக்குள் இருக்கும் கார்டே சொல்லும்.

ஜப்பானில் 2003இல் புல்லட் ரயில் டிரைவர் ஒருவர் 270 கிலோமீட்டர் வேகத்தில் எட்டு நிமிடம் தூங்கிப்போனார். தானியங்கி பிரேக் ரயிலை நிறுத்தியது. பயணிகளுக்குக் கீறல் இல்லை. அவருக்கும் இதே நோய்தான். அதன் பிறகு அங்கே ரயில், லாரி நிறுவனங்களில் இதற்கான பரிசோதனை பரவியது. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் லைசென்ஸ் விதியிலேயே இதைச் சேர்த்தது. நோய் கட்டுக்குள் வரும் வரை வண்டி கூடாது. வந்த பிறகு ஓட்டலாம். கனரக டிரைவர் என்றால் வருடம் ஒருமுறையாவது டாக்டர் பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்தது அந்த நடு வார்த்தைதான்: வந்த பிறகு ஓட்டலாம்.

இங்கே யாரும் வாய் திறக்காததற்குக் காரணம் பயம். குறட்டை விடுகிறேன், பகலில் தூக்கம் வருகிறது என்று சொன்னால் வண்டிச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டியவன் எப்படிச் சொல்வான்? ஆகவே வெறும் கேள்வியைப் படிவத்தில் சேர்த்தால் போதாது. எல்லாரும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். கேள்விக்குப் பின்னால் சிகிச்சை நிற்க வேண்டும்.

பகல் தூக்கத்தை அளக்க 1991இலேயே எப்வர்த் என்ற பெயரில் எட்டுக் கேள்விகள் வந்துவிட்டன. கூடவே கழுத்தளவு, ரத்த அழுத்தம். இவ்வளவுக்கும் ஒரு நர்ஸும் ஒரு டேப்பும் போதும். சந்தேகம் உள்ளவர்களுக்கு வீட்டிலேயே ஒரு ராத்திரி மாட்டிக்கொண்டு படுக்கிற கருவி இருக்கிறது. லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லில் 2022இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆரம்பிக்க அதைவிட நல்ல இடம் எது? வீடு தேடி வந்து சுகரும் பிரஷரும் பார்க்கிற திட்டம் நடத்தும் மாநிலத்துக்கு இது மலைப்பான வேலை இல்லை. மெஷின் விலைதான் எங்களுக்கு மலைப்பு. அரை லட்சம் வரை போகிறது. நல வாரியம் வழியாகக் கடனாகக் கொடுத்தால்கூடப் போதும், கட்டிவிடுவோம்.

வண்டியை நிறுத்தித் தூங்கவும் இடம் வேண்டும். விளக்கும் காவலும் இல்லாத இடத்தில் நிறுத்தினால் விடியும்போது டீசல் இருக்காது, தார்ப்பாய் கிழிந்திருக்கும். அந்தக் கவலையிலேயே பலர் நிறுத்தாமல் போகிறார்கள்.

படிவத்தை மாற்றுவது டெல்லியின் கையில் என்று அதிகாரிகள் சொல்வார்கள். இருக்கட்டும், டெல்லிக்குத் தாங்கள் எழுதுங்கள். ஆனால் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் தங்கள் கையில்தான் இருக்கிறது. சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்குச் சுமார் 700 கிலோமீட்டர் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டுகிற அந்த டிரைவர்களிடமிருந்து தொடங்குங்கள். பரிசோதனை இலவசம், சிகிச்சை நாட்களுக்குச் சம்பளம் உண்டு, நோயைச் சொன்னவனுக்கு வேலை போகாது என்று அரசாணையிலேயே எழுதிக் கொடுங்கள். கடைசி வரி இல்லாமல் அரசாணை வந்தால் ஒருவரும் வர மாட்டார்கள்.

இப்படிக்கு,
நாமக்கல் நேஷனல் பெர்மிட் லாரி டிரைவர் ஒருவர்