கட்டமும் கோடும்

புதிருக்கு விடை காணும் பொறுப்பைக் கணினிக்கு விடுதல் அறிவுச் சோம்பல் என்பர் நம் கல்லூரி நண்பருட் சிலர். அக்கூற்று ஒருபுடை உண்மையேயாயினும், யாம் அதனை முற்றும் உடன்படேம்.

ஹென்றி எர்னஸ்ட் டூடெனி என்னும் ஆங்கிலேயர் 1917-இல் வெளியிட்ட கணக்குப் புதிர் நூலில் உள்ளதொரு புதிரைக் காண்க. 64 கட்டமுடைய சதுரங்கப் பலகையில் 16 காய்களை வைத்தல் வேண்டும். அவற்றுள் எம்மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமைதலாகாது. ஒரு வரிசையில் மூன்று காய் நிற்றல் கூடாமையின், எட்டு வரிசைக்குப் 16 காய்களே பேரெல்லையாதல் வெளிப்படை.

இதனைத் தீர்க்க விடுதித் தோழர் இருவரோடு கூடி நிரல் ஒன்று எழுதினேம். கணினி நொடிப்பொழுதில் விடை தந்தது. அவ்விடையைத் தாளில் வரைந்து நோக்கியபொழுதோ மூன்று காய்கள் ஒரு கோட்டில் நின்றன! பிழை எம்முடையதே. கிடைக்கோடு, நெடுங்கோடு, மூலைக்கோடு ஆகியவற்றையே கோடெனக் கணினிக்குக் கூறியிருந்தேம். குதிரை பாயும் திசையிற் சாய்ந்து செல்லும் கோட்டை மறந்தேம். குன்றக் கூறல் என நன்னூலார் விலக்கிய குற்றம், அந்நூலைப் பாடமாகப் பயிலும் எம்மிடமே நேர்ந்தது. முதற் காயினின்று ஏனை இரண்டற்கும் உள்ள பக்கத் தொலைவும் மேல் தொலைவும் ஒரே விகிதத்தனவாயின் மூன்றும் ஒரு கோட்டின என்று விதி வகுத்த பின்னரே பிழை நீங்கிற்று.

மற்றொன்றும் கருதத்தக்கது. 64 கட்டத்துள் 16-ஐத் தெரிந்தெடுக்கும் வகைகள் ஏறத்தாழ 4.9 கோடி கோடியாம். வரிசைக்கு இரண்டே என்னும் சிறு சிந்தனை அத்தொகையை ஏறத்தாழ 37,780 கோடியாகக் குறைக்கின்றது. காய் வைக்குந்தோறும் சோதித்து, இடறியவிடத்துப் பின்வாங்கும் நெறி அதனை இன்னும் சுருக்கும். 1998-இல் ஃபிளாமன்காம்ப் என்பவர் பக்கத்திற்கு 52 கட்டமுடைய பலகைக்கும் 104 இடங்களைக் கணினியாற் கண்டு வெளியிட்டார். சமச்சீருடைய அமைப்புக்களையே தேடுமாறு அவர் முன்னரே எல்லை வகுத்தமை அதற்குத் துணையாயிற்று. ஆயினும், எத்துணைப் பெரிய பலகையிலும் வரிசைக்கு இரண்டு வைத்தல் கூடுமோ என்னும் வினா இன்றும் தீர்ந்திலது. அவ்வினாவுக்குக் கூடும் என விடை கூறுதற்குப் பலகை பலகையாகத் தேடுதல் போதாது. அதற்குக் காரணங் காட்டும் நிறுவல் வேண்டும்.

ஆதலின், நிரல் எழுதுதலை யாம் சோம்பலென்னேம். வந்த விடையை ஆராயாது ஏற்றலே சோம்பலாம். கணினியை ஏவுமுன் நண்பர்கள் தாளில் ஒருமுறை வரைந்து பார்ப்பாராக. விடை வந்தபின் மீண்டும் ஒருமுறை வரைவாராக.